ஸான்யால் ஸார் சொன்னார்

"யாரு சொன்னது?" என்று கேட்டான் பவதோஷ். பிசைந்த சோறு கையில் அப்படியே நின்றது.

"ஸான்யால் ஸார்" என்றாள் சுதபா. "ராத்திரி வாசக் கதவுக்கு மேல் தாழ்ப்பாள் மட்டும் போட்டாப் போதாதாம். கீழ்த் தாழ்ப்பாளும் போடணுமாம். இல்லேன்னா வெளியிலேர்ந்து ஒரு கம்பியை விட்டே திறந்துடலாமாம்."

"இதைச் சொல்றதுக்கு ஒரு ஸாரா?"

"பத்து வருஷமா நானும் இதைத்தானே சொல்லிட்டு இருக்கேன்?"

"நீ எப்போ சொன்னே?"

பவதோஷ் பொய் சொல்லவில்லை. அவனுக்கு உண்மையிலேயே நினைவில்லை. கல்யாணமான நாளிலிருந்து சுதபா அவனைக் கூப்பிடுவது 'என்ன, கேக்குதா?' என்றுதான். அவளுடைய அம்மா அவளுடைய அப்பாவைக் கூப்பிட்டதும் அப்படித்தான். அது ஒரு கேள்வி, அதற்கு ஒரு பதில் இருக்கலாம் என்று பவதோஷ் ஒருநாளும் யோசித்ததில்லை.

சுதபா புறநகர் ரயில் நிலையம் ஒன்றில் டிக்கெட் கவுன்ட்டரில் உட்காருகிறவள். ரயில் ஊழியர்கள் எல்லோரும் பாதுகாப்புப் பயிற்சி பெற வேண்டும் என்று அரசாங்கம் உத்தரவு போட்டிருந்தது. அந்தப் பயிற்சி ஒழுங்காக நடக்கிறதா என்று பார்க்க ஒரு கண்காணிப்பு வாரியமும் வைத்திருந்தது. கேட்பாரில்லாமல் கிடக்கிற பையை என்ன செய்வது, திருட்டு முழி முழிக்கிறவனை எப்படி அடையாளம் காண்பது, கூட்டம் மிரண்டு ஓடினால் யாரை எந்தப் பக்கம் திருப்பிவிடுவது, இதெல்லாம் மூன்று நாள் பாடம். கல்கத்தாவில், நார்கேல்டாங்காவில் மையம். பாடம் எடுக்க வந்தவர் ஓய்வுபெற்ற போலீஸ் அதிகாரி ஸான்யால். இன்றைக்குத்தான் முதல் நாள்.

"என்ன மீசைங்கறே அவருக்கு!" என்றாள் சுதபா. "ரெண்டு பக்கமும் ஸைக்கிள் ஹேண்டில் மாதிரி. சாயங்காலம் ஒரு பரீட்சை வெச்சாங்க. நான்தான் முதல். ஸான்யால் ஸாரே எழுந்து நின்னு கை தட்டினாரு."

மனைவி முதலாவதாக வந்தது பவதோஷின் காதில் விழவில்லை. மீசை விழுந்தது. கைதட்டலும் விழுந்தது. அவனுடைய சொந்த மேலுதடு கல்லூரி நாட்களில் ஒருமுறை முயற்சி செய்து பார்த்து, அரைகுறையாக ஏதோ முளைத்து, நண்பர்கள் சிரித்த சிரிப்பில் மழித்துப் போட்டது. அதிலிருந்து எந்த மீசைக்காரனையும் அவனுக்குப் பிடிக்காது.

இன்னொரு வயிற்றெரிச்சலும் இருந்தது. பவதோஷ் டிராம் டிப்போவில் டைம் கீப்பர். டிராம்காரர்களை இந்தப் பயிற்சிக்கு யாரும் கூப்பிடவே இல்லை.

"டிராமை எவன் தாதா கடத்தப் போறான்?" என்று, எல்லோரையும் அண்ணன் என்கிற பொருளில் 'தாதா' போட்டே கூப்பிடுகிற டிரைவர் பிஸ்வம்பர் டிப்போவில் சொன்னபோது எல்லோரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். "கடத்தினாலும் பின்னாடியே நடந்துபோய்ப் புடிச்சுடலாமே! வழியில ஒரு டீகூடக் குடிக்கலாம்."

பவதோஷ் சிரிக்கவில்லை. ஆபத்து வருமென்று அரசாங்கம் பயப்படக்கூட லாயக்கில்லாத வண்டிக்கு அவன் நேரம் குறித்துக்கொண்டிருக்கிறான். பெண்டாட்டியை மட்டும் வா வா என்று கூப்பிட்டு உட்காரவைத்து, கை வேறு தட்டுகிறார்கள். அவனுக்குப் பொறாமையாக இருந்தது. அதை மறைத்துப் பேச ஒன்றுமில்லை, வயிறு பற்றி எரிந்தது.

மறுநாள் காலை பிஸ்வம்பர் வேறு எண்ணெய் ஊற்றினான். அவனுக்குப் பவதோஷ் தாதா என்றால் சுதபா பௌதி, அதாவது அண்ணி.

"பௌதி பயிற்சிக்குப் போயிருக்காங்களாமே? நல்லது தாதா. ஆனா ஒண்ணு, இந்தப் போலீஸ்காரங்க கதை சொல்ற சாமர்த்தியம் நமக்கெல்லாம் வராது. நான் இதே ஊர்ல எத்தனை குடும்பத்தைப் பார்த்திருக்கேன்..."

"எத்தனை?"

"விடுங்க தாதா. சும்மாச் சொன்னேன்."

இப்படிச் சொல்லிவிட்டு ஒருவன் போய்விட்டால் மனிதன் என்ன செய்வான்? பவதோஷுக்கு ரயில் நிலையச் சுவரில் பார்த்த ஒரு அறிவிப்பு நினைவுக்கு வந்தது. 'பயிற்சியில் குறையா? கண்காணிப்பு வாரியத்தைக் கூப்பிடுங்கள். உங்கள் பெயர் வெளியே வராது.' டிப்போவின் பின்பக்கம் ஓடாமல் நிற்கிற ஒரு டிராமுக்குள் ஏறி, கடைசி இருக்கையில் குனிந்து உட்கார்ந்துகொண்டு எண்ணை அழுத்தினான்.

"வணக்கம், பயிற்சிக் கண்காணிப்பு வாரியம்" என்றது ஒரு பெண்குரல். பிறகு சந்தேகப்பட்டது. "நிஜமாவே புகாரா? இல்ல, ராங் நம்பரா?"

"புகார்தான்."

"அப்பாடா! வெச்சிடாதீங்க தாதா, பேனா எடுத்துக்கறேன். என் பேரு தேப்ஜானி. நான் இந்த சீட்ல உக்காந்ததிலேர்ந்து முதல் புகார் நீங்கதான். இந்த மாசமும் யாரும் கூப்பிடலேன்னா சீட்டையே எடுத்துடறதா இருந்தாங்க. சொல்லுங்க, பயிற்சியாளர் பேரு?"

பவதோஷ் உஷாரானான். பெயரைச் சொன்னால் சொந்த விரோதம் என்று நினைத்துவிடுவார்கள்.

"பேரெல்லாம் எதுக்கு? நார்கேல்டாங்கா மையம். அவ்வளவுதான்."

"சரி, மையத்து மேலேயே போட்டுக்கறேன். என்ன குறை?"

அதை அவன் யோசித்து வைத்திருக்கவில்லை. "சொல்லிக்குடுக்கற லட்சணமே சரியில்லை. வெறும் கண்துடைப்பு. மூணு நாள்ல என்னத்தைக் கத்துக்குடுத்துட முடியும்?"

"மூணு நாள் போதாதுங்கறீங்க?"

"போதவே போதாது!" என்றான் பவதோஷ் சூடாக.

"அருமையா சொன்னீங்க தாதா. இன்னிக்கே மேல அனுப்பறேன்."

அரசாங்கம் மெதுவாக நகரும் என்று யார் சொன்னது? அதற்கடுத்த நாள் சாயங்காலம் சுதபா செருப்பைக்கூடக் கழற்றாமல் உள்ளே வந்தாள். முகம் முழுக்கச் சிரிப்பு.

"என்ன, கேக்குதா? பயிற்சியை ஒரு மாசமா நீட்டிட்டாங்க! எந்தப் புண்ணியவானோ வாரியத்துக்குப் போன் பண்ணி, மூணு நாள் போதாதுன்னு சொன்னானாம். அதுமட்டுமில்லை, இன்னிக்கு இன்னொரு விஷயமும்..."

"போதும்!" என்று கத்தினான் பவதோஷ். டீக்கோப்பை தட்டில் ஆடியது. "இந்த வீட்ல அந்தப் பயிற்சியைப் பத்தி இனிமே பேச்சே எடுக்கக் கூடாது!"

"ரொம்ப முக்கியமான விஷயம்."

"முக்கியமோ கிக்கியமோ, எனக்கு ஒண்ணும் தெரிய வேண்டாம்."

சுதபாவின் சிரிப்பு அணைந்தது. செருப்பைக் கழற்றினாள். சமையலறைக்குப் போனாள். விளக்கைப் போட்டாள். பிறகு அங்கிருந்தே சொன்னாள்.

"சரி, பயிற்சியைப் பத்திப் பேசலை. சிகரெட்டைப் பத்தி ஸான்யால் ஸார் ஒண்ணு சொன்னாரு. அதுவும் வேண்டாமா?"

"என்ன சொன்னான்?"

வார்த்தை அவனை மீறி வாயிலிருந்து குதித்துவிட்டது. சுதபா சமையலறை வாசலில் வந்து நின்று அவனையே கொஞ்ச நேரம் பார்த்தாள்.

"அவரு சிகரெட்டைத் தொட்டு வருஷக்கணக்காச்சாம்" என்றாள் நிதானமாக. "புகை பிடிக்கறவனால மாடிப்படி ஏறி ஒரு பிக்பாக்கெட்டைக்கூடத் துரத்த முடியாதுன்னாரு."

அன்றைக்கே பவதோஷ் சிகரெட்டை விட்டான். ஸான்யால் விட்ட ஒன்றை அவனால் விட முடியாதா என்ன? மலச்சிக்கல் வந்தது, டிப்போவில் எல்லோர் மேலும் எரிந்து விழுந்தான். ஆனாலும் தொடவில்லை.

அதோடு நின்றதா? தினமும் ஒன்று வந்தது. ஸான்யால் ஸார் விடியற்காலையில் ஏரியைச் சுற்றி நடப்பாராம். பவதோஷ் நடந்தான். ஸான்யால் ஸார் ரத்தக்கொதிப்பு மாத்திரையை ஒருவேளைகூட மறக்க மாட்டாராம். பவதோஷ் மாத்திரையைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டான். ஸான்யால் ஸார் எழுந்தவுடன் கொசுவலையைத் தானே மடித்து வைப்பாராம். பவதோஷ் வலைக்குள் சிக்கிக்கொண்டு ஒரு மூலையைத் தேடி இன்னொரு மூலையை இழந்து, கடைசியில் மடித்தே விட்டான்.

"ஞாயித்துக்கிழமை மீன் குழம்பு ஸான்யால் ஸார்தான் வைப்பாராம்" என்றாள் சுதபா ஒருநாள், நகத்தைப் பார்த்தபடி. "கடுகைக்கூட மிக்ஸியில போட மாட்டாராம். அம்மியிலதான்."

"அம்மி எங்கே இருக்கு?" என்று கேட்டான் பவதோஷ் பல்லைக் கடித்துக்கொண்டு.

அந்த ஞாயிற்றுக்கிழமை அவன் மானிக்தலா சந்தைக்குப் போய், மீன்காரனோடு சண்டை போட்டு, பாப்தா மீன் வாங்கிவந்து, கடுகு அரைத்துக் கண் கலங்கி, குழம்பு வைத்தான். கசந்தது. சுதபா இரண்டு முறை போட்டுக்கொண்டு சாப்பிட்டாள்.

"எப்படி இருக்கு?" என்றான்.

"ஸான்யால் ஸார் கறுப்புக் கடுகோட கொஞ்சம் மஞ்சக் கடுகும் சேர்ப்பாராம்."

பவதோஷுக்கு மீன்முள் தொண்டையில் சிக்கினாற்போல் இருந்தது. இத்தனை செய்தும் அந்த ஆள் எப்போதும் ஒரு கடுகு முன்னால் இருந்தான். சுதபாவோ நாளுக்கு நாள் மாறிக்கொண்டு வந்தாள். காலையில் கண்ணாடி முன்னால் நின்று கையை ஆட்டி ஆட்டி உதட்டை அசைத்துப் பார்த்தாள். சாயங்காலம் திரும்பி வரும்போது கன்னத்தில் வெள்ளையாகப் பவுடர். காலையில் போகும்போது இல்லாத பவுடர் சாயங்காலம் எங்கிருந்து வரும்? குரல் வேறு கட்டிப்போயிருந்தது. கவுன்ட்டரில் ஐந்நூறு பேருக்குச் சில்லறை எண்ணிக் கொடுத்தாலும் கட்டாத குரல். நாள் முழுக்க ஒருத்தனோடு பேசிப் பேசிக் கட்டிய குரல்! வெந்நீரில் இஞ்சி தட்டிப் போட்டு அவள் குடிக்கும்போது, அந்த ஒவ்வொரு மடக்கும் பவதோஷின் நெஞ்சில் இறங்கியது.

மறுபடியும் ஓடாத டிராமுக்குள் ஏறினான்.

"தாதா! எங்கே ஆளையே காணோம்?" என்றாள் தேப்ஜானி. குரலில் அப்படி ஒரு வாஞ்சை. "உங்க புகாரை எல்லாரும் பாராட்டினாங்க. இப்ப எப்படி இருக்கு?"

"மோசம். எல்லாம் நாலு சுவத்துக்குள்ள. வாய்ப்பேச்சு. வெளியில வந்து நிஜமா ஒருத்தனைப் புடிச்சுக் காட்டச் சொல்லுங்க பார்ப்போம். சாயம் வெளுத்துடும்."

"அதாவது, செய்முறைப் பயிற்சி வேணும்."

"திடீர்னு சந்தேகப்படற மாதிரி ஒரு ஆளை அனுப்பிச் சோதிச்சுப் பார்க்கணும்மா. சொல்லாமக் கொள்ளாம!"

"நீங்க ரயில்வேயில பெரிய ஆபீஸரா தாதா?"

"அதெல்லாம் கேக்கக் கூடாது" என்றான் பவதோஷ். ஆனால் அந்தக் கேள்வி அவனுக்கு இனித்தது.

இனிப்பு வீடு போய்ச் சேரும்வரை தங்கவில்லை. வாரியம் அவன் சொன்னதை ஒரு எழுத்து மாற்றாமல் ஏற்றுக்கொண்டது. இனிமேல் தினமும் பாடம் முடிந்த பிறகு செய்முறைப் பயிற்சி. ஞாயிற்றுக்கிழமையும் உண்டு. சுதபா இன்னும் நேரம் கழித்து வர ஆரம்பித்தாள். பவதோஷ் தனியாக உட்கார்ந்து, தானே வைத்த குழம்பைத் தானே சாப்பிட்டான். அதில் இப்போது மஞ்சள் கடுகு சேர்த்திருந்தான். நன்றாக இருந்தது. அதுவும் அவனுக்கு எரிச்சலாக இருந்தது.

இனி நேரில் பார்த்துவிடுவது என்று முடிவு செய்தான். அந்த மீசையை ஒருமுறை கண்ணால் பார்க்காமல் செத்தால் கட்டை வேகாது.

ஊரில் குளிர் நன்றாக இறங்கியிருந்தது. காதையும் கழுத்தையும் மூடிக்கொண்டு கண்ணும் மூக்கும் மட்டும் தெரிகிற மங்கி கேப்பை மாட்டினால் பெற்ற தாய்க்கும் அடையாளம் தெரியாது. மேலே ஒரு சால்வையைச் சுற்றிக்கொண்டு பவதோஷ் நார்கேல்டாங்காவுக்குப் போனான். மையத்தின் சுவர் ஓரமாக நின்றான். உள்ளேயிருந்து சிரிப்புச் சத்தம் கேட்டது, பிறகு எல்லோரும் சேர்ந்து கைதட்டினார்கள். அவனால் நிற்க முடியவில்லை. இரண்டு செங்கல்லை அடுக்கி அதன்மேல் ஏறி ஜன்னல் வழியாக எட்டிப் பார்க்கப் போனான்.

"அதோ! அதோ!" என்று ஒரு குரல்.

என்ன நடந்தது என்று அவனுக்குப் புரிவதற்குள் தரையில் கிடந்தான். முதுகின் மேல் ஒரு பருமனான ரயில் கார்டு உட்கார்ந்திருந்தார். ஒரு டிக்கெட் பரிசோதகர் கையைப் பிடித்திருந்தார். இரண்டு பேர் கால்களை ஆளுக்கொன்றாகப் பங்கு போட்டுக்கொண்டிருந்தார்கள்.

"ஆளு புடிச்சாச்சு!" என்று கார்டு கூவினார். "ட்ரெய்னர் சொல்லாமலே அனுப்பினது! நாமளும் விட்டுடலை பாரு!"

"விடுங்கய்யா, மூச்சு முட்டுது!"

"ஆஹா, என்ன நடிப்பு தாதா!" என்றார் பரிசோதகர் மனம் நெகிழ்ந்து. "நிஜமாவே திருட்டு முழி முழிக்கறீங்க. நாடகக் கம்பெனியிலேர்ந்து வரீங்களா? ஏம்ப்பா, ட்ரெய்னரைக் கூப்பிடு, வந்து பார்க்கட்டும்."

அந்த வார்த்தை பவதோஷுக்கு எங்கிருந்தோ பலத்தைக் கொடுத்தது. ஸான்யாலின் காலடியில், இந்தக் கோலத்தில், சுதபாவும் பார்க்க! உடம்பை ஒரு உதறு உதறினான். கார்டு ஒரு பக்கம் சாய்ந்தார். சால்வை பரிசோதகர் கையோடும் மங்கி கேப் யாரோ ஒருவர் பிடியோடும் போக, பவதோஷ் குனிந்த தலை நிமிராமல் ஓடினான். சிகரெட்டை விட்டு, ஏரியைச் சுற்றி நடந்ததனால்தான் அப்படி ஓட முடிந்தது என்பது அவனுக்கு அப்போது தோன்றவில்லை.

அன்று சுதபா வீட்டுக்கு வந்ததும் அவனுடைய முழங்காலைப் பார்த்தாள்.

"என்ன ஆச்சு?"

"டிராம் படி வழுக்கிடுச்சு."

அவள் போரோலின் களிம்பு ட்யூபை எடுத்துவந்து தரையில் உட்கார்ந்து மெதுவாகத் தடவிவிட்டாள். உதடு ஏனோ துடித்துக்கொண்டிருந்தது.

"இன்னிக்கு ஒரு ஆளைப் புடிச்சோம்" என்றாள் கட்டிய குரலில். "ஸான்யால் ஸார் சொன்னாரு, பாவம், அந்த ஆளுக்கு ஒளிஞ்சு நிக்கவே தெரியலைன்னு."

"அவன் கிடக்கான்! அவனுக்கு என்ன தெரியும்?"

"ஆனா நல்லா ஓடறாருன்னும் சொன்னாரு."

மறுநாள் காலையில் பால்கனிக் கொடியில் அவனுடைய மங்கி கேப் துவைத்துக் காயப்போட்டிருந்தது. பக்கத்தில் சால்வையும். பவதோஷ் அதைப் பார்த்தபடியே உறைந்து நின்றான். ஆக, ஸான்யால் கண்டுபிடித்துவிட்டான். கண்டுபிடித்ததோடு நிற்காமல் தொப்பியைப் பெண்டாட்டி கையிலேயே கொடுத்து அனுப்பியிருக்கிறான். இதைவிட ஒரு மனிதனை அவமானப்படுத்த முடியுமா? அவனுக்கு அழுகை வந்தது. கோபமும் வந்தது. சுதபா தன்னைப் பற்றி அந்த மீசையிடம் என்னவெல்லாம் சொல்லியிருப்பாள், இருவருமாகச் சேர்ந்து எப்படியெல்லாம் சிரித்திருப்பார்கள் என்று நினைக்க நினைக்க நெஞ்சு எரிந்தது.

"என்ன, கேக்குதா?" என்று சுதபா உள்ளேயிருந்து கூப்பிட்டாள். "கொஞ்சம் உக்காரு. உன்கிட்ட ஒண்ணு சொல்லிடலாம்னு பார்க்கறேன்."

"டிராமுக்கு நேரமாச்சு!" என்று அவன் படியிறங்கிவிட்டான்.

ஓடாத டிராமில் கடைசி இருக்கை அவனுக்காகவே காத்திருந்தது.

"அந்த ஆளைத் தூக்கணும்" என்றான் எடுத்த எடுப்பில்.

"ஐயையோ தாதா" என்றாள் தேப்ஜானி. "அது நடக்காது. நார்கேல்டாங்காதான் இப்ப எங்க வாரியத்துக்கே முதல் மையம். நேத்துகூட மங்கி கேப் போட்ட ஒருத்தன் வந்தானாம். கண் சிமிட்டற நேரத்துல அமுக்கிட்டாங்க. அசல் அயோக்கியன் மாதிரியே இருந்தான்னு அறிக்கையில எழுதியிருக்காங்க."

பவதோஷ் தலையைத் தடவிக்கொண்டான். "அப்ப அசைக்கவே முடியாதா?"

"மோசமா வேலை செய்யறவங்களைத்தான் தாதா அசைக்க முடியாது. விசாரணை, மேல் விசாரணைன்னு இழுத்துட்டே போகும். நல்லா வேலை செய்யறவங்களை உடனே மாத்திடுவாங்க. எங்க ஆபீஸ்ல ஒழுங்கா வேலை பார்த்த ஒரே ஆளைப் போன வருஷம் மலைக்கு அனுப்பிட்டாங்க."

பவதோஷ் நிமிர்ந்து உட்கார்ந்தான். மண்டையில் விளக்கு எரிந்தது. ஆனால் அதற்கு அவன் வாயைத் திறந்து அந்த ஆளைப் புகழ வேண்டும். விளக்கெண்ணெயைக் குடிப்பதுபோல் கண்ணை மூடிக்கொண்டான்.

"எழுதிக்குங்க. பயிற்சியாளர்... நல்லாச் சொல்லிக்குடுக்கறார்."

"திடீர்னு என்ன தாதா?"

"எழுதிக்குங்கம்மா. சும்மா புகார் மட்டும் சொல்லிட்டு இருந்தா நியாயமில்லை."

"அத்தாட்சி வேணுமே. எப்படி நல்லாச் சொல்லிக்குடுக்கறாங்க?"

அவன் யோசித்தான். யோசித்துக்கொண்டே பேச ஆரம்பித்தான். "எனக்குத் தெரிஞ்ச ஒரு ஆளு. பத்து வருஷமா பெண்டாட்டி சொல்ற ஒரு வார்த்தை காதுல ஏறாது. அவன் சிகரெட்டை விட்டுட்டான். எதுனால? இவர் சொன்னதுனால. காலையில நடக்கறான். மாத்திரை சாப்பிடறான். மீன் குழம்பு வைக்கறான். சொல்றது எல்லாம் சின்னச் சின்ன விஷயம்தான். தாழ்ப்பாளைப் போடு, வலையை மடின்னு. ஆனா அவ்வளவும் சரியா இருக்கு. எதிராளி மேல ஒரு அக்கறை இருந்தாத்தான் அப்படிச் சொல்ல வரும். அந்த ஆளுக்கு ஒரு வருஷமா படி ஏறினா மூச்சு வாங்கும். இப்ப வாங்கறதில்லை..."  பகைவனாக இருந்தாலும் உண்மை உண்மைதானே என்று அவனுக்குத் தோன்றியது.

மறுமுனையில் மூக்குறிஞ்சும் சத்தம். "போதும் தாதா. எனக்கே அழுகை வருது. இப்படிப்பட்டவங்களைக் கல்கத்தாவுலயே வெச்சுக்கறது பாவம்."

"அதைத்தான் நானும் சொல்றேன்! வடக்கே, சிலிகுரி மாதிரி, தூரமா ஒரு இடத்துக்கு..."

"புரிஞ்சுது தாதா. நீங்க நிம்மதியாப் போங்க."

பவதோஷ் நிம்மதியாகத்தான் போனான். ஜனவரியில், ஒருநாள் காலை, சுதபா அவன் சட்டையைப் பிடித்து நிறுத்தினாள்.

"என்ன, கேக்குதா? இன்னிக்கு சாயங்காலம் கொஞ்சம் சீக்கிரம் வந்துடு. கண்டிப்பா பேசணும். இனிமே தள்ளிப்போட முடியாது." கண்ணில் ஏதோ பளபளத்தது.

"ஆகட்டும், ஆகட்டும்" என்று அவன் டிராமுக்கு ஓடினான்.

மதியம் தேப்ஜானியே கூப்பிட்டாள்.

"தாதா, ஸ்வீட் எடுத்து வையுங்க! உத்தரவு வந்துடுச்சு. சிலிகுரியில புது மையம். நார்கேல்டாங்கா பயிற்சியாளரையே அதுக்குத் தலைமையாப் போட்டுட்டாங்க. பதவி உயர்வு, குவார்ட்டர்ஸ் எல்லாம் உண்டு. இன்னிக்கு வண்டியிலேயே கிளம்பறாங்க. நீங்க சொன்னதை அப்படியே உத்தரவுல சேர்த்திருக்காங்க. ஆங், என் சீட்டும் நிரந்தரமாயிடுச்சு!"

தொலைந்தது சனியன்! பவதோஷ் ஓடாத டிராமுக்குள் ஒரு சுற்று ஆடினான். நடுவில் கொஞ்சம் வலிக்கவும் செய்தது. போகிறவன் சும்மா போகாமல் பதவி உயர்வோடு போகிறானே! இருபது வருஷமாக அதே டைம் கீப்பர் நாற்காலியில் தேய்ந்துகொண்டிருக்கிறவனுக்கு அது வலிக்காதா? அதையும் பொறுத்துக்கொண்டான். இன்றிலிருந்து அந்தப் பெயர் வீட்டில் கேட்காது. சுதபா பேசணும் என்றது இதைத்தான் இருக்கும். ஸார் போகிறார் என்று கண்கலங்குவாள். கலங்கட்டும். அவன் பெரிய மனசோடு ஆறுதல் சொல்வான். இனிமேல் அவள் என்ன சொன்னாலும் உட்கார்ந்து காது கொடுத்துக் கேட்பான். புது வெல்லத்தில் செய்த சந்தேஷ் இனிப்பு ஒரு பெட்டி வாங்கிக்கொண்டு சீக்கிரமே வீட்டுக்கு நடந்தான்.

வாசல் கதவு திறந்திருந்தது. கூடத்தின் நடுவில் சுதபாவின் பெரிய பெட்டி இருந்தது. பக்கத்தில் சுருட்டிய படுக்கை. திறந்து கிடந்த அலமாரியில் அவளுடைய நல்ல புடவைகள் ஒன்றுகூட இல்லை. காக்கிச் சட்டை போட்ட ஒரு ஆள் முழங்காலால் பெட்டியை அமுக்கிக் கயிறு கட்டிக்கொண்டிருந்தான்.

"யாருய்யா நீ?"

"வாங்க தாதா, நான் கோகுல். நார்கேல்டாங்கா மையத்துல பியூன்" என்றான் அவன் பல்லெல்லாம் தெரிய. "பௌதி கீழ் வீட்ல சொல்லிக்கிட்டு வரேன்னு போயிருக்காங்க. இப்ப வந்துடுவாங்க."

"சொல்லிக்கிட்டா? எங்கே போறா?"

"சிலிகுரிக்குத்தான் தாதா. உத்தரவு வந்துடுச்சே."

பவதோஷ் சந்தேஷ் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு சுருட்டிய படுக்கையின் மேலேயே உட்கார்ந்தான். அவன்தான் அனுப்பினான். தன் வாயால் புகழ்ந்து, தன் கையாலேயே அந்த ஆளுக்குக் குவார்ட்டர்ஸ் கட்டிக்கொடுத்திருக்கிறான். அந்தக் குவார்ட்டர்ஸுக்கு அவள் படுக்கையோடு கிளம்பிவிட்டாள்.

"நான் என்னய்யா செய்யலை?" என்றான் கோகுலைப் பார்த்து. கண்ணீர் கன்னத்தில் இறங்கியது. "சிகரெட்டை விட்டேன். நடந்தேன். அம்மியில கடுகு அரைச்சேன். அவளுக்காக எல்லாமே செஞ்சேன். மீசை ஒண்ணுதான் எனக்கு வளரலை. அதுக்காக இப்படியா?"

கோகுல் கயிற்றை விட்டுவிட்டு விழித்தான். "எந்த மீசை தாதா?"

"நடிக்காதே! எங்கே அவன்? டிக்கெட்டோட ஸ்டேஷன்ல காத்துக்கிட்டு இருக்கானா, உங்க ஸான்யால் ஸார்?"

"ஸான்யாலா? எவனோ போன் போட்டுப் புகார் சொல்லிட்டான்னு ரோஷம் வந்து, அவரு மூணாம் நாளே வேலையை விட்டுட்டுப் போயிட்டாரே தாதா, அன்னையிலேர்ந்து எங்களுக்கெல்லாம் பாடம் எடுக்கறதே நம்ம பௌதிதானே!"